நெற்றித் தோலில் கட்டிய மூக்கு

தோலில் புற்றுநோய் என்று சொன்னால் நம் பக்கத்தில் முதலில் வரும் பதில், “அது வெள்ளைக்காரங்களுக்கு வர்றதாச்சே” என்பதுதான். அவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது, உண்மை. நம் தோலில் இருக்கும் மெலனின் வெயிலை ஓரளவு தடுக்கிறது. ஓரளவுதான். எனக்கு வந்தது பேசல் செல் கார்சினோமா. உலகத்தில் அதிகம் பேருக்கு வரும் தோல் புற்று இதுதான். பெரும்பாலும் முகத்தில் வரும், அதிலும் மூக்கில். நம் நிறத்தவர்களுக்கு இது பல நேரம் கறுப்பாகவே வருவதால் மச்சம், மரு என்று விட்டுவிடுகிறோம்.

கும்பகோணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, சுகர் உண்டு. வலது பக்க மூக்கில், மூக்குத்தியை ஒட்டி ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. மூக்குத்தி உரசித்தான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். முகம் துடைத்தால் துளி ரத்தம் வரும், பொருக்கு கட்டும், உதிரும், மறுபடி கசியும். ஒரு தோல் கிளினிக்கில் மரு என்று சொல்லிச் சுட்டு எடுத்தார்கள். சில மாதத்தில் அதே இடத்தில் திரும்பி வந்தது. திரும்பவும் சுட்டார்கள். இரண்டு தடவையும் எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. இதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. முகத்தில் எதையாவது சுடவோ வெட்டவோ போனால், படுப்பதற்கு முன்னாலேயே “இதை பயாப்சிக்கு அனுப்புவீங்களா?” என்று கேட்டுவிடுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம். ஒரு மாதமாகியும் ஆறாத புண், ஓரம் தடித்துப் பளபளக்கும் மச்சம், தானாக ரத்தம் கசியும் இடம், இவையெல்லாம் களிம்பு பூசிப் பார்த்துக்கொண்டிருக்கிற விஷயம் இல்லை.

பயாப்சி திருச்சியில் நடந்தது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, “அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போகணுமா சார்?” டாக்டர் சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார். இந்த வகை மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அபூர்வம். ஆனால் இருக்கிற இடத்தை மெல்லத் தின்றுகொண்டே போகும். மூக்கில் தோலுக்கு அடியிலேயே குருத்தெலும்பு, அதற்கு அடியில் உள்சவ்வு, அவ்வளவுதான் கனம். அதனால் தள்ளிப்போட இடமில்லை.

வெட்டும்போது கண்ணுக்குத் தெரியும் ஓரத்தோடு நிறுத்தமாட்டார்கள். சுற்றிச் சில மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுத்து, ஓரங்களில் நோய் இல்லை என்று நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்வார்கள். மோஸ் என்று ஒரு முறை இருக்கிறது. அடுக்கடுக்காக எடுத்து அங்கேயே சோதித்து, சுத்தம் என்று தெரிந்ததும் நிறுத்துவார்கள். நம் நாட்டில் சில இடங்களில்தான் அந்த வசதி. எனக்கு முதலில் வெட்டி எடுத்துக் கட்டுப் போட்டார்கள். ரிப்போர்ட் வரும்வரை அந்தக் குழியோடுதான் இருந்தேன். ஒரே நாளில் மூக்கையும் சரிபண்ணிவிட்டால் என்ன என்று நாத்தனார் சண்டைக்கு வந்தார். ஓரத்தில் மிச்சம் இருக்கும்போது மேலே புதுத் தோலைப் போட்டு மூடிவிட்டால், உள்ளே வளர்வது வெளியே தெரியாது. பிறகு தெரிந்தால் அந்த மூக்கையே பிரிக்க வேண்டும், அதற்குக் கொடுத்த தோலும் வீண். காத்திருந்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

குழி ஒரு ரூபாய் நாணயம் அளவு, மூக்கு மடலின் விளிம்பும் போய்விட்டது. சின்னக் குழி என்றால் தானாக ஆறவிடலாம், பக்கத்துத் தோலைத் திருப்பி மூடலாம், வேறு இடத்துத் தோலை ஒட்டலாம். விளிம்பே இல்லாத இடத்தில் வெறும் தோலை ஒட்டினால் சுருங்கி மூக்குத் துளையை மேலே இழுத்துவிடும் என்றார் பிளாஸ்டிக் சர்ஜன். அதனால் காதிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு, நெற்றியிலிருந்து தோல். நெற்றித் தோல் நிறத்திலும் கனத்திலும் மூக்குத் தோலுக்கு நெருக்கமானது. புருவத்தின் உள்முனைக்குப் பக்கத்தில் ஒரு ரத்தக் குழாய் மேலே ஏறுகிறது. அதோடு சேர்த்து நெற்றித் தோலை நீளமாக எடுத்து, கீழே திருப்பி, மூக்கில் தைப்பார்கள். புருவத்தருகே தண்டு அறுபடாமல் இருக்கும், அதன் வழியாகத்தான் ரத்தம் வரும். ஏறக்குறைய 3 வாரத்தில் மூக்கிலிருந்தே புதுத் தோலுக்குள் ரத்த ஓட்டம் வேர்விட்ட பிறகு தண்டை அறுத்துவிடுவார்கள். சிலருக்கு நடுவில் இன்னொரு ஆபரேஷனும் சேர்த்து மூன்று கட்டமாகச் செய்வதுண்டு.

இது ரொம்பப் பழைய வேலை என்பதையும் டாக்டர் சொன்னார். திப்பு சுல்தானோடு நடந்த 1792 போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு, மூக்கும் ஒரு கையும் அறுக்கப்பட்டார். பிறகு புனாவில் ஒரு வைத்தியர் அவருக்கு நெற்றித் தோலில் மூக்கு கட்டினார். மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கு வடிவத்தில் பொருத்தி, தட்டையாக்கி, நெற்றியில் வைத்து வரைந்து, அந்த அளவுக்குத் தோலைத் திருப்பினாராம். தண்டை அறுத்தது 25ஆம் நாள் வாக்கில். அந்தக் காலத்துக் கட்டுக்குக் காசுக்கட்டி. 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இது படத்தோடு வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் கார்ப்யூ என்ற ஆங்கிலேய டாக்டர் 1814இல் அங்கே இதே ஆபரேஷனைச் செய்தார். எனக்கு மெழுகுக்குப் பதில் தையல் நூல் பாக்கெட்டின் ஃபாயில் காகிதம். அதில் பேட்டர்ன் வெட்டி நெற்றியில் வைத்து மார்க்கரில் வரைந்தார். என் பிழைப்பே அதுதான் என்பதால் எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆபரேஷன் நாளை நினைத்துத்தான் எல்லாரும் பயப்படுகிறோம். அன்றைக்கு மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருப்போம், பாடு டாக்டருக்குத்தான். நம் பாடு அந்த இடைப்பட்ட வாரங்களில் இருக்கிறது. முகத்தின் நடுவில் சதைத் தண்டு தொங்கும், கண்ணாடி போட முடியாது, தலை குளிக்க முடியாது, வாசலில் ஆள் வந்தால் உள்ளே ஓடத் தோன்றும். தயார் செய்வதையெல்லாம் அந்த வாரங்களுக்காகச் செய்யுங்கள் என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

உடம்பைத் தயார் செய்வது முதல் வேலை. மூன்று மாதச் சராசரி சுகரைப் பார்த்துவிட்டு டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். சுகர் எகிறினால் தையல் பிரியும், சீழ் வைக்கும். பக்கத்துக் கட்டிலில் கன்னத்தில் கட்டி எடுத்த பெரியவர் ஒருவர், பீடியை விடவில்லை என்று தெரிந்ததும் அவர் தேதியைத் தள்ளிவிட்டார்கள். நிகோட்டின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஒரு தண்டு வழியாக வரும் ரத்தத்தை நம்பியிருக்கும் தோல் அதைத் தாங்காது. பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாமே குறைந்தது 4 வாரம் முன்பே நிற்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளைச் சொந்தமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் சாப்பிடவும் கூடாது. மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, லேகியம், கஷாயம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள்.

அப்புறம் பணம். எங்கள் தனியார் பாலிசியில் முன் அனுமதி கேட்டபோது, “பிளாஸ்டிக் சர்ஜரிக்குக் கிடையாது” என்று ஒரே வரியில் மறுத்தார்கள். மகள்தான் விடாமல் பாலிசியைப் படித்தாள். அழகுக்கான சர்ஜரி, பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் இல்லை என்ற அதே விதியின் தொடர்ச்சியில், விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகு செய்யும் சீரமைப்புக்கு இது பொருந்தாது என்று இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது வாசகம் அது, உங்கள் பாலிசியிலும் இருக்கும். சர்ஜனிடம் “புற்றுநோய் அகற்றியதைத் தொடர்ந்த சீரமைப்பு, இது இரண்டு கட்டமாகச் செய்யப்படும்” என்று கடிதம் வாங்கி, பயாப்சி ரிப்போர்ட்டோடு திருப்பி அனுப்பினோம். அனுமதி வந்தது. இரண்டு கட்டம் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தண்டை அறுக்கப் போகும்போது இதே சண்டையை மறுபடி போட வேண்டியிருக்கும். தனியார் பாலிசி இல்லாதவர்கள் முதல்வர் காப்பீட்டுத் திட்ட அட்டையை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளலாம். அதில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு.

வீட்டில் செய்தவை சின்னச் சின்ன வேலைகள், ஆனால் அவைதான் காப்பாற்றின. தலை வழியாகப் போடும் உடுப்பு எதுவும் ஆகாது. முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிகள் நானே தைத்துக்கொண்டேன். முதல் நாள் நன்றாகத் தலை குளித்துவிட்டுப் போனேன். மூக்குத்தியின் திருகு பல வருடமாகக் கழற்றாமல் இறுகிவிட்டிருந்ததால், பத்தரிடம் போய் முன்கூட்டியே எடுத்தாயிற்று. தாலி, வளையல், மெட்டி எல்லாம் அன்றைக்குக் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மனசு வராதவர்கள் மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொள்ளலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது, தியேட்டர் வாசலில் அழ வேண்டியதில்லை. பழைய போட்டோ கொண்டுவரச் சொன்னார் டாக்டர். நேராக ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. மூக்கு எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டுமே.

கண்ணாடிதான் பெரிய தலைவலி. மூக்கிலும் உட்காராது, தண்டிலும் அழுத்தக்கூடாது. கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் இருப்பது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. மகள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தாள். மாத்திரை அட்டைகளில் காலை, இரவு என்று கொட்டை எழுத்தில் மார்க்கரால் எழுதினாள். படிக்க வேண்டும் என்றால் கையில் பிடிக்கும் பூதக்கண்ணாடி. கடையை அந்த மாதம் முழுக்க உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் விட்டுவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது வலியைவிட இறுக்கம்தான் அதிகம் தெரிந்தது. நெற்றியை யாரோ பின்னால் இழுத்துக் கட்டியது மாதிரி. இரண்டாம் மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போய், காலையில் கண்ணே திறக்கவில்லை. இது எல்லாருக்கும் வருவதுதான், பயப்பட வேண்டாம். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். தலையணைகள் இரவில் நழுவிவிடும் என்பதால் சாய்வு நாற்காலியே எனக்கு வசதிப்பட்டது. வீக்கத்துக்கு ஐஸ் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குளிர் பட்டால் புதுத் தோலுக்கு வரும் ரத்தம் குறையும். தண்டின் பின்பக்கம் தோல் இல்லாத பச்சைப் புண் என்பதால் முதல் ஓரிரு நாள் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், வாஸலின் களிம்பு தடவிய துணியைச் சுற்றிவிடுவார்கள். தலையணைக்குப் பழைய உறை போட்டுக்கொள்ளுங்கள். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குனிந்து வாளி தூக்கக் கூடாது.

நர்ஸ் அடிக்கடி வந்து விரலால் புது மூக்கை லேசாக அழுத்திப் பார்ப்பார். அழுத்தினால் வெளுத்து, விட்டதும் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தே கிடந்து சில்லிட்டால் ரத்தம் வரவில்லை. நீலம் பாரித்து உப்பினால் வந்த ரத்தம் திரும்பிப் போகவில்லை. இரண்டுமே உடனே போன் பண்ண வேண்டிய விஷயம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நம் நிறத்தில் இது சட்டென்று தெரியாது. அதனால் வீட்டுக்கு வந்த பிறகு தினமும் காலையும் மாலையும் அதே ஜன்னல் பக்கத்தில், அதே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்தோம். நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால் மாற்றம் புலப்படும். சந்தேகம் வந்த ஒருநாள் படத்தை அனுப்பியதும் டாக்டர் பார்த்துவிட்டுச் சரிதான் என்றார், அன்றிரவு தூங்கினேன். காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி இவற்றுக்கும் அதே அவசரம்தான்.

முதல்முறை முகம் பார்க்கும்போது உட்கார்ந்துகொண்டு பாருங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். எனக்குத் தலை சுற்றியது. பார்க்காமலே மூன்று வாரத்தைக் கடத்தலாம் என்று சிலர் சொல்வார்கள், அது நடக்காது. களிம்பு போடவாவது பார்த்தாக வேண்டும். மகள் வயிற்றுப் பேரன் முதலில் கதவருகே நின்று முறைத்தான். அப்புறம் கிட்ட வந்து, “அம்மாச்சி, பிள்ளையார் மாதிரி தும்பிக்கை இருக்கு” என்றான். அதுவரை என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள் எல்லாரும் அதன் பிறகுதான் நேராகப் பார்த்தார்கள். குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள்.

டாக்டர் சொல்ல மறந்த ஒன்று உண்டு. புது மூக்கைத் தொட்டால் தொடுவது நெற்றியில் தெரியும். முகம் துடைக்கும்போது மூக்கில் பட்ட ஈரத் துணி, புருவத்துக்கு மேலே சில்லென்று உறைத்தது. நரம்பும் தண்டோடு வந்திருப்பதால் அப்படி. தண்டை அறுத்ததும் அது போய்விட்டது, பதிலுக்கு உச்சந்தலை வரை மரத்துப்போய், மெல்ல மெல்ல ஊறலும் அரிப்புமாக உணர்வு திரும்பியது. சொறியாதீர்கள்.

சாப்பாட்டில்தான் பெரிய போராட்டம். ஆபரேஷன் ஆன உடம்பு, புண் புரையோடும் என்று முட்டை, மீன், கத்தரிக்காய் எல்லாவற்றையும் பெரியம்மா நிறுத்திவிட்டார். ரசம் சாதமும் சுட்ட அப்பளமும்தான் பத்தியம். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும் என்று டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய பிறகுதான் முட்டை வந்தது. எனக்கு ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாத ஒன்றை விலக்கிக்கொண்டேன், மற்றபடி பருப்பு, முட்டை, மீன் எல்லாம் சாப்பிட்டேன். மெல்லும்போது முகம் இழுக்கும் என்பதால் முதல் வாரம் குழைவாக. மஞ்சள், தேங்காய் எண்ணெய், பக்கத்து வீட்டு மூலிகைத் தைலம் எதையும் புண்ணில் வைக்க விடவில்லை. எழுதிக் கொடுத்த களிம்பு மட்டும், பொருக்கு காயாமல் ஈரமாக வைக்கும்படி. கவாஸ்ஜிக்குக் காசுக்கட்டி சரியாகப் போயிருக்கலாம், நமக்கு வேண்டாம்.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். கேன்சர் என்று வெளியே சொல்லாதே என்று நாத்தனார். சொல்லாவிட்டால் ஆளுக்கொரு கதை கட்டுவார்கள் என்று நான். “தோலில் கட்டி, எடுத்தாச்சு, மூக்கைச் சரி பண்றாங்க, அடுத்த மாசம் வாங்க” என்று மகள் எல்லாருக்கும் ஒரே செய்தியைப் போனில் அனுப்பிவிட்டாள். வெளியே போக வேண்டி வந்தால் முந்தானையைத் தளர்வாகப் போர்த்திக்கொள்ளலாம். மாஸ்க் தண்டை அழுத்தும், கேட்காமல் போடாதீர்கள்.

இரண்டாவது ஆபரேஷன் சுலபம். மரத்துப்போக ஊசி போட்டு, தண்டை அறுத்து, புருவத்தை அதன் இடத்தில் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். நெற்றியின் மேற்பகுதியில் இழுத்துத் தைக்க முடியாத ஒரு இடத்தை முதல் ஆபரேஷனிலேயே திறந்து விட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அதிகம் அழுதேன், இது எப்படி மூடும் என்று. சில வாரங்களில் அடியிலிருந்து தானாக வளர்ந்து மூடிக்கொண்டது. இன்றைக்கு அந்த இடம்தான் எல்லாவற்றிலும் நன்றாக இருக்கிறது.

தண்டு போனதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். மூக்கு மாதக்கணக்கில் தடித்தே இருக்கும், காலையில் கூடும், மாலையில் குறையும். தழும்பு முதிர ஒரு வருடம் வரை ஆகும். டாக்டர் சொன்ன பிறகு விரல் நுனியால் தினமும் அழுத்தி மசாஜ் செய்தேன், சிலிக்கான் ஜெல் தடவினேன். நம் தோலில் தழும்பு கறுக்கும், சிலருக்கு மேடு கட்டும். மேடு கட்டுவது தெரிந்தால் சீக்கிரம் காட்டினால் ஊசியிலேயே அடக்கலாம். மூக்குத் துளை சுருங்காமலிருக்க இரவில் ஒரு சின்னக் குழாய் வைத்துக்கொண்டேன், எரிச்சல்தான், ஆனால் மூச்சு இப்போது தாராளமாகப் போகிறது. என் நெற்றி குட்டை. அதனால் தோலின் நுனியில் முடி வேரும் சேர்ந்து வந்து, மூக்கு நுனியில் முடி முளைக்கிறது! முன்பே எச்சரித்திருந்தார்கள். சின்னக் கத்தரியால் வெட்டிக்கொள்கிறேன். வெயிலுக்குக் குடையும், எஸ்பிஎஃப் 30க்கு மேற்பட்ட கிரீமும் நிரந்தரம். புதுத் தோலில் மூக்குத்திக்குத் துளை போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு தடவை வந்தவர்களுக்கு வேறு இடத்தில் புதிதாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூக்கை மட்டும் காட்டிவிட்டு வராமல் முகம், காது மடல், உச்சந்தலை, முதுகு என்று முழுக்கப் பார்க்கச் சொல்கிறேன். கடையில் புதிதாக வருகிறவர்கள் அளவு கொடுக்கும்போது நெற்றிக் கோட்டைப் பார்ப்பார்கள். கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டால் இன்ச் டேப்பைப் பிடித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பேன். மூக்கின் தடிப்பைக் குறைக்க இன்னொரு சின்ன ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். தீபாவளி ஆர்டர் முடியட்டும், தை மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.